கனடாவில் பாடசாலைக் கட்டடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

வலிகாமத்திலோ வடமராட்சியிலோ தீவகத்திலோ ஏதேனும் ஒரு பாடசாலைக்குள் நுழைந்தால், வகுப்பறைத் தொகுதியின் சுவரில் ஒரு கல்வெட்டு கண்ணில் படுவது வழமை. பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளையோ இலண்டன் கிளையோ அந்தக் கட்டடத்துக்கு உதவியதாக அதில் பொறிக்கப்பட்டிருக்கும். போரில் கூரையும் கதவும் இழந்த எத்தனையோ பாடசாலைகள் மறுபடி நிமிர்ந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தப் பணத்தை அனுப்பியவர், மார்க்கத்திலோ பிரம்ரனிலோ தன் பிள்ளை படிக்கும் அரச பாடசாலைக்கு ஒரு வகுப்பறை கட்டிக்கொடுக்க நினைத்தால் அது நடக்காது. ஒன்ராறியோ மாகாணக் கல்வி அமைச்சின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. வகுப்பறை, ஆய்வுகூடம், உடற்பயிற்சிக்கூடம் போன்றவற்றை அரசாங்கமே கட்ட வேண்டும். பெற்றோரிடம் சேர்த்த காசில் அவற்றைக் கட்டக்கூடாது என்பதே அங்குள்ள நிலைப்பாடு.

ஒரே மனிதர், இரண்டு பாடசாலைகள், இரண்டு விதமான ஒழுங்குகள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கனடாவின் புறநகர்ப் பாடசாலைகள் எப்படி வளர்கின்றன, காணிக்கும் கட்டடத்துக்கும் யார் பணம் தருகிறார்கள், அந்த முறைமையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், எமது பாடசாலைகள் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் தெளிவாகும்.

தோட்டக் காணிகள் வீடுகளான கதை

1983 இன் பின்னர் கனடாவுக்குச் சென்ற எம்மவர்களில் பெரும்பாலானோர் முதலில் தங்கியது ரொறன்ரோ நகரின் சென் ஜேம்ஸ் ரவுன் போன்ற அடுக்குமாடிகளில்தான். பின்னர் ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, பிள்ளைகளும் வளர்ந்தபோது, ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து வடக்கே மார்க்கத்தில் வீடு வாங்கினார்கள். மேற்கே பிரம்ரனுக்கும் கிழக்கே அஜக்ஸுக்கும் போனவர்களும் பலர். இன்று மார்க்கத்தில் வன்னி என்ற பெயரில் ஒரு வீதியே இருக்கிறது.

மார்க்கம் நகரம் யோர்க் பிராந்தியத்தின் ஒன்பது உள்ளூராட்சிப் பகுதிகளில் ஒன்று. 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு 208,615 பேர் வாழ்ந்தார்கள். 2021 இல் அந்த எண்ணிக்கை 338,503. யோர்க் பிராந்தியம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதே இருபது ஆண்டுகளில் 729,254 பேர் 1,173,334 ஆகினார்கள். ரொறன்ரோவுக்கு மேற்கே உள்ள மில்ரன் இன்னும் வேகமாக வளர்ந்தது. 2001 இல் 31,471 பேர் இருந்த அந்த நகரில் 2021 இல் 132,979 பேர். நான்கு மடங்குக்கும் அதிகம்.

இப்படி வளரும் புறநகரில் குடியேறுவோரில் பெரும்பாலானோர் இளம் குடும்பங்கள். ஒரு விவசாயக் காணியில் ஆயிரம் வீடுகள் எழுந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பல நூறு பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும். அதே குடியிருப்பில் இருபது ஆண்டுகளின் பின் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிடுவார்கள். பெற்றோர் மட்டும் அதே வீட்டில் இருப்பார்கள். பாடசாலையில் வாங்குகள் வெறுமையாகும். புறநகர்ப் பாடசாலைகளைத் திட்டமிடுபவர்களின் தலையிடி இதுதான். ஒரு பக்கம் இடமில்லை, மறுபக்கம் பிள்ளைகள் இல்லை. இரண்டும் ஒரே சபையின் எல்லைக்குள், சில வேளைகளில் பத்து நிமிடக் கார்ப்பயணத் தூரத்தில்.

இதற்கு மேல் 2010 க்கும் 2014 க்கும் இடையில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான முழுநாள் பாலர் வகுப்புகளை ஒன்ராறியோ படிப்படியாக அறிமுகப்படுத்தியது. முன்னர் காலையில் ஒரு குழுவும் மாலையில் இன்னொரு குழுவும் பயன்படுத்திய அறை, அதன் பின்னர் ஒரு குழுவுக்கு மட்டும் போதுமானதாயிற்று. தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். இடநெருக்கடி இருந்த பாடசாலைகளுக்கோ இன்னொரு சுமை.

ஒரு ஊரில் நான்கு அமைப்புகள்

யோர்க் பிராந்தியத்தின் ஆங்கில மொழிப் பொதுப் பாடசாலைகளை நடத்துவது யோர்க் பிராந்தியக் கல்விச் சபை. அதன் தலைமையகம் அரோரா நகரில் உள்ளது. 200 க்கு மேற்பட்ட பாடசாலைகளையும் ஒரு இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களையும் கொண்ட இச்சபை ஒன்ராறியோவின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று. ஸ்ரீல்ஸ் வீதிதான் எல்லை. வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ கல்விச் சபை, வடக்கே யோர்க். ஸ்காபரோவில் இருந்து மார்க்கத்துக்கு வீடு மாறும் தமிழ்க் குடும்பம் அந்த வீதியைக் கடக்கும்போது பிள்ளையின் கல்விச் சபையும் மாறிவிடுகிறது.

இது தவிர, அதே பிராந்தியத்தில் கத்தோலிக்கக் கல்விச் சபை ஒன்றும், பிரெஞ்சு மொழிப் பொதுச் சபை ஒன்றும், பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கச் சபை ஒன்றும் இயங்குகின்றன. நான்கும் அரச பணத்தில் நடப்பவை. கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கான இந்த உரிமை 1867 ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 93 ஆம் பிரிவால் பாதுகாக்கப்பட்டது. இலங்கையில் 1960 களின் தொடக்கத்தில் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையானதை அறிந்த எமது வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். மற்றைய மதத்தவருக்கு இல்லாத சலுகை கத்தோலிக்கருக்கு மட்டும் வழங்கப்படுவது பாரபட்சம் என்று 1999 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவும் கூறியது. இருந்தும் அந்த ஒழுங்கு இன்றுவரை தொடர்கிறது.

காசு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் ஒவ்வொரு பாடசாலை மாவட்டமும் தன் எல்லைக்குள் உள்ள வீடுகளிலும் கடைகளிலும் தானே வரி அறவிடுகிறது. புதிய கட்டடம் வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்திக் கடன் பத்திரம் வெளியிடுகிறது. பணக்கார ஊரில் வீட்டு விலை அதிகம், ஆகவே வரி வருமானமும் அதிகம், ஆகவே பாடசாலையும் வசதியானது. ஏழை ஊரில் இதன் மறுபக்கம். மாநில அரசுகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினாலும் அது முற்றாக மறைவதில்லை.

ஒன்ராறியோவிலும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. கல்விச் சபைகள் தமக்குரிய ஆதன வரியைத் தாமே நிர்ணயித்தன. வங்கிகளும் அலுவலகக் கோபுரங்களும் நிறைந்த ரொறன்ரோவுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. வட ஒன்ராறியோவின் சிறு நகரங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை. 1997 இல் மைக் ஹரிஸ் தலைமையிலான மாகாண அரசாங்கம் இதைத் தலைகீழாக்கியது. 129 ஆக இருந்த கல்விச் சபைகள் 72 ஆகக் குறைக்கப்பட்டன. வரியை நிர்ணயிக்கும் அதிகாரம் சபைகளிடம் இருந்து எடுக்கப்பட்டு மாகாணத்திடம் போனது. இதை எதிர்த்து அந்த ஆண்டின் ஒக்ரோபர் இறுதியில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இரண்டு வாரங்கள் பணியைப் புறக்கணித்தார்கள். ஏறத்தாழ 20 இலட்சம் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

அதன் பின்னர் குடியிருப்பு வீடுகளுக்கான கல்வி வரி வீதம் மாகாணம் முழுவதற்கும் ஒன்றே. 2020 இல் இருந்து அது 0.153 வீதம். ஐந்து இலட்சம் டொலர் என மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 765 டொலர். அந்த வீடு மார்க்கத்தில் இருந்தாலும் வடக்கே ஒரு சுரங்க நகரத்தில் இருந்தாலும் கணக்கு மாறாது. ஆதன வரி போதாத பெரும்பகுதியை மாகாணம் தன் பொது வருமானத்தில் இருந்து சேர்த்து, மாணவர் எண்ணிக்கை, மொழித் தேவை, விசேட தேவை, தூரம் போன்றவற்றைக் கொண்ட ஒரு சூத்திரத்தின்படி சபைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது.

இதனால் கிடைத்த நன்மை வெளிப்படையானது. ஒரு பிள்ளையின் வகுப்பறைக்கு எவ்வளவு பணம் வரும் என்பதை அந்தப் பிள்ளையின் அயல்வீட்டு விலை தீர்மானிப்பதில்லை. இழந்ததும் வெளிப்படையானது. மாகாணம் கையை இறுக்கினால் எல்லாச் சபைகளும் ஒன்றாக இறுகும். தமக்குத் தேவையானதைத் தாமே திரட்டும் வழி சபைகளிடம் இல்லை.

காணி ஒரு கணக்கு, கட்டடம் இன்னொரு கணக்கு

புதிய குடியிருப்புத் தொகுதி ஒன்றுக்கு மாநகர சபை அனுமதி வழங்கும் கட்டத்திலேயே கல்விச் சபையிடமும் கருத்துக் கேட்கப்படுகிறது. எத்தனை தனி வீடுகள், எத்தனை வரிசை வீடுகள், எத்தனை அடுக்குமாடி அலகுகள் என்பதைப் பார்த்து, அவற்றில் இருந்து எத்தனை மாணவர்கள் வருவார்கள் என்று சபையின் திட்டமிடல் பிரிவு கணிக்கிறது. தனி வீட்டில் இருந்து அதிகம், அடுக்குமாடியில் இருந்து குறைவு என்பது பொதுவான அனுபவம். ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருக்கும்போது இந்தக் கணக்குப் பிழைத்துப் போவதும் உண்டு.

கணிப்பின்படி பாடசாலை தேவையென்றால், வரைபடத்திலேயே ஒரு காணித் துண்டு அதற்கென ஒதுக்கப்படும். பாடசாலைக் காணியின் அளவுக்கும் மாகாண ஒழுங்குவிதிகளில் வரையறை உண்டு. ஆரம்பப் பாடசாலை என்றால் 400 பிள்ளைகள் வரை 4 ஏக்கர், 700 ஐத் தாண்டினால் 8 ஏக்கர். எங்கள் கணக்கில் 64 பரப்பில் இருந்து 128 பரப்பு வரை.

இந்தக் காணியை வாங்கும் பணம் மாகாணத்தின் வழமையான மானியத்தில் இருந்து வருவதில்லை. கல்வி அபிவிருத்திக் கட்டணம் என்ற தனி வழி இருக்கிறது. சபை ஒன்று ஆய்வறிக்கை தயாரித்து, பகிரங்கக் கூட்டம் நடத்தி, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் ஒரு துணைவிதியை நிறைவேற்ற வேண்டும். அதன் பின்னர் புதிய கட்டடங்களுக்கான அனுமதிப்பத்திரம் வழங்கப்படும்போது இந்தக் கட்டணம் அறவிடப்படும். கொடுப்பது வீடு கட்டும் நிறுவனம். ஆனால் கடைசியில் அது வீட்டு விலைக்குள் சேர்ந்துவிடும் என்பதே பலரின் அபிப்பிராயம். புதிய வீடு வாங்கிய எம்மவர்கள் பலர் தம்மை அறியாமலே பாடசாலைக் காணிக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. முதலாவது, அந்தப் பணத்தைக் காணி வாங்கவும் அதைச் சீர்படுத்தவும் மட்டுமே பயன்படுத்தலாம். ஒரு செங்கல்கூட வாங்க முடியாது. இரண்டாவது, சபையின் பாடசாலைகளில் மொத்தமாக இடம் மிஞ்சியிருந்தால் கட்டணம் அறவிட முடியாது. ரொறன்ரோ பொதுக் கல்விச் சபை இந்த இரண்டாவது நிபந்தனையில் மாட்டிக்கொண்டது. நகரின் ஒரு மூலையில் வானளாவிய மாடிகள் எழுந்து பாடசாலைகள் நிரம்பி வழிந்தாலும், இன்னொரு மூலையில் வெற்று வகுப்பறைகள் இருப்பதால் அச்சபை கட்டணம் கேட்க முடியாமல் இருந்து வந்திருக்கிறது. ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே அறவிடக்கூடிய கட்டணத்தைத் தெற்கே அறவிட முடியவில்லை.

காணி கிடைத்தாலும் கட்டடம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு சபையும் தனக்கு மிக அவசரமான திட்டங்களை வரிசைப்படுத்திக் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏன் இங்கே, ஏன் இப்போது, பக்கத்துப் பாடசாலையில் இடம் இல்லையா என்ற கேள்விகளுக்கு எண்களோடு பதில் சொல்ல வேண்டும். அமைச்சு சிலவற்றைத் தெரிவுசெய்யும், சிலவற்றைத் திருப்பி அனுப்பும். அனுமதி கிடைத்த பின்னரும் வடிவமைப்பு, கேள்விப்பத்திரம், கட்டுமானம் என ஆண்டுகள் கழியும். அதற்குள் பெற்றோர் குடிவந்துவிடுவார்கள். வீடு விற்ற முகவர் காட்டிய வரைபடத்தில் பாடசாலை இருந்திருக்கும். தரையில் ஒரு பலகை மட்டும் நிற்கும்.

கட்டடம் வரும்வரை

இந்த இடைக்காலத்தைச் சமாளிக்கச் சபைகள் மூன்று வழிகளைக் கையாளுகின்றன. ஒன்று, புதிய குடியிருப்புப் பிள்ளைகளை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி இடம் உள்ள வேறொரு பாடசாலைக்கு அனுப்புவது. இரண்டு, எல்லைகளை மாற்றி வரைவது. மூன்று, போட்டபிள் எனப்படும் தற்காலிக வகுப்பறைகளை மைதானத்தில் நிறுத்துவது.

போட்டபிள் என்பது லொறியில் கொண்டுவந்து இறக்கக்கூடிய தனி அறை. வெப்பமூட்டி இருக்கும், வெண்பலகை இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் மலசலகூடம் இருக்காது. பனி கொட்டும் ஜனவரியில் ஆறு வயதுப் பிள்ளை ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு பிரதான கட்டடத்துக்கு நடக்க வேண்டும். போட்டபிள்கள் கூடக்கூட விளையாட்டு மைதானம் சுருங்கும். வகுப்பறை கூடினாலும் நூலகமும் உடற்பயிற்சிக்கூடமும் கூடுவதில்லை. 500 பேருக்கு அளந்து கட்டிய உடற்பயிற்சிக்கூடத்தை 800 பேர் பகிர வேண்டிவரும். சில பாடசாலைகளில் தற்காலிகமாக வந்த போட்டபிள், ஒரு பிள்ளையின் முழு ஆரம்பக் கல்வியையும் பார்த்துவிட்டு அங்கேயே நிற்பதுண்டு.

இடம்பெயர்ந்த பாடசாலைகளையும் தகரக் கொட்டில் வகுப்புகளையும் மரநிழல் வகுப்புகளையும் கண்ட எமக்கு இது ஒரு குறையா என்று தோன்றலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் அங்குள்ள பெற்றோர் இதை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், கூட்டங்களில் எழுந்து கேட்கிறார்கள். அரசு தரவேண்டியதைத் தரவில்லை என்பதே அவர்களின் வாதம். தாமே காசு சேர்த்துக் கட்டிவிடலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

எதற்குக் காசு சேர்க்கலாம், எதற்குக் கூடாது?

2012 இல் ஒன்ராறியோ கல்வி அமைச்சு வெளியிட்ட நிதி திரட்டல் வழிகாட்டி இதை வரிசைப்படுத்திச் சொல்கிறது. சுற்றுலா, விளையாட்டு, கலை நிகழ்ச்சி, பாடசாலை முற்றத்தை அழகுபடுத்துதல், புலமைப்பரிசில், விருந்தினர் சொற்பொழிவு போன்றவற்றுக்குப் பணம் சேர்க்கலாம். பாடநூல் வாங்கச் சேர்க்கக்கூடாது. கூரைத் திருத்தம், மலசலகூடத் திருத்தம், தேய்ந்துபோன தரையை மாற்றுதல் ஆகியவற்றுக்குக் கூடாது. மாணவர் கொள்ளளவைக் கூட்டும் வகுப்பறைக்கோ இணைப்புக் கட்டடத்துக்கோ கூடாது. இவையெல்லாம் ஏற்கெனவே வரிப்பணத்தால் செய்யப்பட வேண்டியவை என்பதே காரணம்.

கட்டணத்துக்கும் தனி வழிகாட்டி உண்டு. ஒரு மாணவர் சித்தியடைந்து வெளியேறுவதற்குத் தேவையான பாடத்துக்குப் பணம் கேட்கக்கூடாது. அனுமதிக்காக ஒரு வாங்கோ கதிரையோ பெயின்ற் வாளியோ வாங்கித் தரச்சொல்லும் வழக்கமும் அங்கில்லை.

தமிழ் படிப்பிப்பதிலும் இதே அணுகுமுறையைக் காணலாம். ஆரம்பப் பிரிவில் ஏதேனும் ஒரு சர்வதேச மொழியை 23 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், சபை அந்த வகுப்பை நடத்த வேண்டும் என்பது ஒழுங்குவிதி. சனிக்கிழமைகளில் பல பாடசாலைகளில் தமிழ் வகுப்புகள் நடப்பது இந்த விதியின் கீழ்தான். உயர்தரப் பிரிவில் தமிழில் பெறும் சித்தி, டிப்ளோமாவுக்குத் தேவையான 30 அலகுகளில் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. யாருடைய தயவும் இதற்குத் தேவைப்படவில்லை. 23 பேர் சேர்ந்து கேட்டால் போதும்.

முறைமையின் ஓட்டைகள்

இதை ஒரு சொர்க்கமாகச் சித்திரிப்பது உண்மைக்கு மாறானது. மாகாணத்தின் சுயாதீன நிதிப் பொறுப்பு அலுவலகம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒன்ராறியோவின் பாடசாலைக் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை நல்ல திருத்த நிலையில் இல்லை. புதிய புறநகரில் பாடசாலை திறக்கும்போது நாடா வெட்டிப் படம் பிடிக்கலாம். ஐம்பது ஆண்டு பழைய கட்டடத்தின் கொதிகலனை மாற்றுவதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

நிதி திரட்டலுக்குக் கட்டுப்பாடு இருந்தாலும் இடைவெளி முற்றாக மறையவில்லை. வசதியான அயலில் உள்ள பாடசாலை ஒரே மாலையில் பல்லாயிரம் டொலர் சேர்க்கும். வறிய அயலில் உள்ள பாடசாலை பீட்சா விற்றுச் சில நூறு சேர்க்கும். சுற்றுலாவும் கணினியும் இசைக்கருவியும் அதற்கேற்பவே வேறுபடும். வகுப்பறையின் சுவரைச் சமமாக்கிய விதி, அதற்குள் நடப்பவற்றைச் சமமாக்கவில்லை.

வீட்டு விலை இன்னொரு வாசலால் உள்ளே வருகிறது. எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அந்த எல்லைக்குரிய பாடசாலைக்கே பிள்ளை போக வேண்டும் என்பதே பொது விதி. தரம் 3, 6, 9 ஆகியவற்றில் மாகாண அளவில் நடக்கும் பரீட்சைகளின் பெறுபேறுகள் வெளியிடப்படுகின்றன. அவற்றை வைத்துத் தனியார் நிறுவனங்கள் பாடசாலைகளைத் தரவரிசைப்படுத்துகின்றன. எம்மவர்களும் அந்தப் பட்டியலைப் பார்த்தே வீடு தேடுகிறார்கள். இங்கே தரம் 1 அனுமதிக்காகப் பிரபல பாடசாலைக்குப் பக்கத்தில் முகவரி தேடுவதுபோல, அங்கே அதை அடமானக் கடனோடு செய்கிறார்கள்.

வெற்றுப் பாடசாலைகளின் பிரச்சினையும் தீரவில்லை. ஊரவர்களின் எதிர்ப்பால் பாடசாலைகளை மூடும் நடைமுறையை 2017 இல் மாகாணம் நிறுத்திவைத்தது. அதனால் சில ஊர்கள் தம் பாடசாலையைக் காப்பாற்றிக்கொண்டன. மறுபக்கத்தில், பாதி வெறுமையான கட்டடங்களுக்கும் வெப்பமூட்டப் பணம் போகிறது.

யார் தீர்மானிக்கிறார்கள்?

யோர்க் சபையின் உறுப்பினர்களை மக்களே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உள்ளூராட்சித் தேர்தலோடு சேர்த்துத் தெரிவு செய்கிறார்கள். 2006 இல் நீதன் சாண் இச்சபைக்குத் தெரிவானார். பின்னர் உறுப்பினரான யுவனிதா நாதன் சபையின் தலைவராகவும் பணியாற்றி, மார்க்கம் மாநகர சபைக்கும், 2025 இல் கனடிய நாடாளுமன்றத்துக்கும் சென்றார். எல்லை மாற்றம், புதிய பாடசாலையின் பெயர், எந்தத் திட்டத்தை முதலில் அனுப்புவது என்பன பகிரங்கக் கூட்டத்தில் பேசப்படுகின்றன. அறிக்கைகளை எவரும் வாசிக்கலாம். பெற்றோர் பேச நேரம் கேட்கலாம்.

தெரிவு செய்யப்பட்ட சபை என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. 2017 இல் இதே யோர்க் சபையில் ஓர் உறுப்பினர் கறுப்பினத் தாய் ஒருவரை இழிசொல்லால் குறிப்பிட்டது பெரும் விவகாரமாகி, அவர் பதவி விலக நேர்ந்தது. மாகாணம் நியமித்த மீளாய்வாளர்கள், இனவாத முறைப்பாடுகளைச் சபை கையாண்ட விதத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். வகுப்பறையில் பிள்ளைகளின் முகம் மாறிய வேகத்தில் அலுவலகத்தின் மனம் மாறவில்லை.

2025 இல் ரொறன்ரோ பொதுச் சபை உட்படப் பல சபைகளை மாகாண அரசாங்கம் நேரடி மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. நிதி முகாமைத்துவம் சரியில்லை என்றது அமைச்சு. தேவையான பணமே தரப்படவில்லை என்றார்கள் உறுப்பினர்கள். அப்போது ரொறன்ரோ சபையின் தலைவராக இருந்தவர், ஒரு காலத்தில் யோர்க் சபையில் இருந்த அதே நீதன் சாண். பணம் மேலிருந்து வரும்போது அதிகாரமும் மேலே போய்விடும் என்ற பழைய எச்சரிக்கை இப்போது அங்கு மீண்டும் விவாதமாகியிருக்கிறது.

எமக்கு இதில் என்ன?

எம்மவர்கள் வெளியேறியதால் மார்க்கத்தில் பாடசாலைகள் நிரம்பின. எமது ஊர்களில் பாடசாலைகள் வெறுமையானதற்கும் அது ஒரு காரணம். அந்த வெறுமையை ஈடுசெய்யத்தான் அங்கிருந்து பணம் வருகிறது. அந்தப் பணம் அன்பால் வருவது. ஆனால் அது எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நூறாண்டு கடந்த, ஆங்கிலம் படிப்பித்த, டொக்டர்களையும் எஞ்சினியர்களையும் உருவாக்கிய பாடசாலைக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கிளைகள் இருக்கின்றன. வன்னியின் உட்கிராமத்திலோ, மூதூரின் கரையோரத்திலோ, மட்டக்களப்பின் படுவான்கரையிலோ உள்ள பாடசாலைக்கு வெளிநாட்டில் கிளை இல்லை. அதன் பழைய மாணவர்கள் வெளிநாடு போகவில்லை. பலர் 2009 மே மாதத்தைத் தாண்டவுமில்லை. எந்தப் பாடசாலை போரில் அதிகம் இழந்ததோ, அதற்குக் கொடுக்க ஆளும் குறைவு.

நன்கொடையை நிறுத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. ஒன்ராறியோவின் விதியை அப்படியே இங்கு கொண்டுவந்தால் பல பாடசாலைகளில் மழை ஒழுகும். ஆனால் கொடுப்பதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கட்டடம் வலயக் கல்வி அலுவலகத்தின் திட்டத்தில் இருந்ததா? அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தப் பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள்? கிராம அலுவலர் பிரிவில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பிறப்புகள்? கட்டிய பின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது? இந்தக் கணக்கைப் பார்க்காமல் கொடுத்ததால்தான் சில ஊர்களில் மாடிக் கட்டடம் நிற்கிறது, மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்திடமோ மாகாணக் கல்வித் திணைக்களத்திடமோ எந்தப் பாடசாலைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்த அடிப்படையில் என்று குடிமக்கள் எவரும் எழுத்தில் கேட்கலாம். பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதைப் போதியளவு பயன்படுத்துவதில்லை. வெளிநாட்டுக் கிளைகளும் காசோலையோடு இந்தக் கேள்வியையும் சேர்த்து அனுப்பலாம். தமது பாடசாலைக்குத் திரட்டும் தொகையில் ஒரு பங்கை, அதே வலயத்தில் கிளை இல்லாத ஒரு பாடசாலைக்கு ஒதுக்குவதும் அவர்களால் முடியாத காரியமல்ல.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலும் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இலும் முடிந்தன. அதன் பின்னர் தேர்தல் நடக்காத நிலையில், மாகாணப் பாடசாலைகள் பற்றிய தீர்மானங்கள் ஆளுநரின் கீழும் அதிகாரிகளின் மேசையிலும் எடுக்கப்படுகின்றன. மார்க்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் போட்டபிள் பற்றிக் கேள்வி கேட்க, அவர் வாக்களித்த ஒருவர் இருக்கிறார். கிளிநொச்சியில் ஒரு தாய்க்கு ஓர் அலுவலக வாசல்தான் இருக்கிறது. மாகாண சபைத் தேர்தலைக் கோருவோர் அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும்போது, பாடசாலைக் கூரை பற்றியும் சேர்த்துப் பேச வேண்டும்.